தெருவும் தேரும்

திருவாரூர்த் திருக்கோயிலின் வெளியே கல்லால் ஆன தேர் ஒன்று நெடுங்காலமாக நிற்கின்றது. அதன் சக்கரத்தின்கீழ் ஓர் இளைஞன் கிடக்கின்றான். சோழ மன்னன் ஒருவன் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட வரலாற்றை அக்கல்தேர் காண்பார்க்கு உணர்த்துகின்றது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையிலே தன் நாட்டின் பெருமையைக் கூறுமிடத்து இம்மன்னனையே சுட்டுகின்றாள். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரித்துப் பாடியுள்ளார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு.

இவ்வரலாற்றைக் கேட்போர் மன்னனின் நீதியை வியந்து, அவ்வளவில் நின்றுவிடுவர். அது தெருவில் நிகழ்ந்த ஒரு விபத்தின் கதை என்பதை நினைப்பவர் சிலரே. இளவரசன் குதிரைகளை வெறிகொண்டு விரட்டினான் என்று சேக்கிழார் யாண்டும் கூறினாரல்லர். படை சூழ அவன் வீதியிலே தேரூர்ந்து சென்றான், இளங்கன்று ஒன்று எவரும் காணாதவாறு துள்ளி வந்து சக்கரங்களுக்கு இடையே புகுந்தது, மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்தது. அறியாது நேர்ந்த பிழைக்குக் கழுவாய் உண்டு என்று அமைச்சர்கள் எடுத்துக் கூறினர். மன்னன் இசைந்திலன். தெரு தேருக்கு மட்டும் உரியதன்று, கன்றுக்கும் உரியது என்பதே அவன் கண்ட நீதி. ஒருவனே அங்கு அரசனாகவும், நடுவனாகவும், தந்தையாகவும் நின்றான். இந்நாளில் இம்மூன்று பொறுப்புகளும் மூவேறு இடங்களில் உள்ளன. மணியை அசைக்கும் பொறுப்போ தெருவில் வாழும் மக்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. அவர்கள் அதனை எங்ஙனம் நிறைவேற்றுகின்றனர் என்பதைச் சென்னையின் தென்புறத்தே சென்று காணலாம்.

தாம்பரத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு மறைமலை நகரை அடைகின்றது. தனித்தமிழுக்கு உழைத்த மறைமலையடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கிய ஊர் அது. சென்னை மாநகரின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டுத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட துணைநகரம். வண்டிகளுக்கும் அவ்வூருக்கும் தொடர்பு பெரிது. ஃபோர்டு நிறுவனத்தின் கார்கள் 1999 முதல் 2022 வரை அங்கேதான் உருவாயின. இருபுறமும் தொழிற்சாலைகள், கல்லூரிகள், புதிய குடியிருப்புகள். சாலையை ஒட்டியே மின்தொடர்வண்டிப் பாதை. வண்டலூரிலோ மற்றொரு பெருஞ்சாலை பிரிகின்றது. மீஞ்சூர் வரை ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை அது. அகலமானது; பெரும்பாலும் நேரானது; இரவில் ஆளரவம் குறைந்தது. நல்ல சாலை போட்டால் ஊர் வளரும் என்பர். உண்மையே. எனினும் நல்ல சாலை எல்லோரையும் நல்ல எண்ணத்தோடு வரவழைப்பதில்லை.

ஊர் உறங்கும் வேளையிலே இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிள்களில் வந்து கூடுகின்றனர். கைப்பேசியின் வழியே நாளும் இடமும் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பதிவெண் பலகை சிலவற்றில் வளைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் மறைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இராது. இருவர் மூவராக அணிவகுத்து, ஒரு குறியிலிருந்து மறு குறிவரை யார் முந்துவது என்று விரைகின்றனர். முன்சக்கரத்தை மேலே தூக்கிப் பின்சக்கரம் ஒன்றினாலேயே ஓடுதலை அவர்கள் ‘வீலிங்’ என்பர். அதனைப் படம் பிடித்து உலகறியப் பரப்புதற்கு உடன் ஒருவன் வருவான். பந்தயத்தில் முந்துவதினும் படத்தில் தோன்றுவதே பலர்க்கு இப்போது பெரிதாகிவிட்டது. பெருஞ்சாலையில் காவலர் தடுப்பு அமைத்திருப்பதை அறிந்தால் இவர்கள் தெருக்களுக்குள் திரும்புகின்றனர். அங்கேதான் குடியிருப்போரின் துன்பம் தொடங்குகின்றது.

முதற்கண் அவர்களை வருத்துவது ஓசை. மோட்டார் சைக்கிளின் பொறிக்குள் எரிபொருள் இடையறாது வெடித்துக்கொண்டே இருக்கின்றது. ஓர் உருளை உடைய பொறி நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்றால் அதனுள் 3,000 வெடிப்புகள் நிகழும். நொடிக்கு ஐம்பது வெடிகள் என்று கொள்ளலாம். ஒவ்வொரு வெடிப்பின் புகையும் பேரழுத்தத்தோடு வெளியே பாய்கின்றது. அப்பாய்ச்சலின் ஓசையை அடக்குவதற்கு அமைந்ததே சைலன்சர் என்னும் குழல். வெளியே பார்ப்பார்க்கு அது வெறுங்குழல் போலத் தோன்றும். உள்ளேயோ சிறு சிறு அறைகளும், துளையிட்ட குழாய்களும், தடுப்புத் தகடுகளும் உள்ளன. புகை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் புகுந்து விரிந்து தளர்கின்றது. ஒலியலைகள் தகடுகளில் மோதித் திரும்பி, எதிர்வரும் அலைகளோடு கலந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. புகையின் நஞ்சைக் குறைக்கும் கருவியும் அவ்வழியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இத்துணை நுட்பமாக அமைத்த குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாத குழாயை மாட்டிக்கொள்கின்றனர் இளைஞர். வண்டியின் விரைவு அதனால் பெரிதும் கூடுவதில்லை. கூடுவது ஓசை ஒன்றே. வேகத்தைக் குறைக்கும்போது எரியாத எரிபொருள் சூடான குழாயினுள் பற்றி வெடிகுண்டு போல் முழங்குவதும் உண்டு. அதனை அவர்கள் இசை என்று கருதுகின்றனர் போலும்!

ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டின் விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், இரவின் எல்லை 40 டெசிபலே. டெசிபல் என்னும் அளவை பற்றி ஒன்று அறிதல் வேண்டும். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்காகும். ஆகவே 45 டெசிபல் அளவில் அமைதியாக உள்ள தெருவில் 95 டெசிபல் ஓசையோடு ஒரு வண்டி நுழையுமானால், அங்கே ஒலியாற்றல் ஒரு லட்சம் மடங்கு பெருகிவிடுகின்றது. தொட்டிற் குழந்தையும், இரவுப்பணி முடித்து வந்து கண்ணயர்ந்த தொழிலாளியும், மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், நெஞ்சு நோயால் வருந்தும் முதியவரும் அவ்வொரு நொடியில் ஒருங்கே திடுக்கிடுகின்றனர். வண்டி போய்விடும், போன தூக்கம் திரும்புவதில்லை.

ஓசை உறக்கத்தைக் கெடுக்கும். வேகமோ உயிரைக் கவரும். கணக்கு அறிந்த மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கின்றது. எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்ட கண் மூளைக்குச் சொல்லி, மூளை கைக்குச் சொல்லி, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடியேனும் ஆகும். அதன்பின் நல்ல உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். ஆக 37 மீட்டர். அதே வண்டி 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலோ, நினைப்பதற்குள் 33 மீட்டர் சென்றுவிடும். நிற்பதற்கு மேலும் 80 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. எவ்வளவு தேர்ந்த கையாயினும் அவ்விதியை மாற்ற இயலாது. “எனக்கு வண்டி நன்றாக ஓட்டத் தெரியும்” என்று பெருமை பேசும் இளைஞன், நிறுத்தத் தெரியுமா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. முன்சக்கரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முன்பிரேக்கினால் யாது பயன்?

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவர் அளவுக்கு மீறிய வேகத்தால் மாண்டவர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு: 64,105. இவ்விபத்துகள் எல்லாம் பந்தயத்தால் நேர்ந்தவை அல்ல. அங்ஙனம் கூறுதல் தவறு. ஆயினும் வேகத்தை விளையாட்டாகக் கொள்ளும் மனப்பான்மைக்கும் இவ்வெண்களுக்கும் தொடர்பில்லை என்று கூறுதல் அதனினும் பெருந்தவறு. பந்தயத்தில் இறங்கியவன் அதன் தீங்கைத் தானே விரும்பி ஏற்றவன். பால் வாங்கச் சாலையைக் கடப்பவர் எப்பந்தயத்திலும் பெயர் கொடுத்தவர் அல்லர்.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலும், இங்கிலாந்து நாட்டின் நகரங்கள் பலவற்றிலும் மற்றொரு வகை வண்டிகள் தெருக்களைக் கலக்குகின்றன. காட்டுப் பாதையிலும் மணல்மேட்டிலும் ஓடுவதற்கென்றே அமைந்த மோட்டார் சைக்கிள்களும் சிறு நாற்சக்கர வண்டிகளும் அவை. நகரச் சாலையில் ஓட உரிமம் பெறாதவை; பெரும்பாலும் பதிவெண் அற்றவை. கூட்டமாக வந்து நடைபாதையிலும் பூங்காவிலும் ஏறி ஓடும். நியூயார்க் நகரில் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கைப்பற்றிய வண்டிகளில் நூறளவினவற்றை வரிசையாகக் கிடத்தி, நகரத் தலைவர் முன்னிலையில் மண்வாரி எந்திரத்தை ஏற்றி நசுக்கினர். இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம், பிறர்க்கு அச்சமும் தொல்லையும் விளைக்குமாறு ஓட்டப்படும் வண்டியைக் கைப்பற்றக் காவலர்க்கு அதிகாரம் அளித்தது. நம் நாட்டிலும் நகரங்கள் சிலவற்றில் ஓசைக் குழாய்களைச் சாலையிலே பரப்பி, அவற்றின் மேல் சாலை உருளையை ஓடவிட்டுக் காட்டியதுண்டு. நசுங்கும் இரும்பைக் காண்பது ஊரார்க்கு மகிழ்ச்சியே. ஆனால் அக்காட்சியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. குழாயை நசுக்கிய மறுநாளே மற்றொரு குழாய் கடையில் கிடைக்கும். மாட்டிக் கொடுப்பவரும் விற்பவரும் அப்படியே இருக்க, மாட்டிக்கொண்டவனை மட்டும் பிடிப்பது கிளையை வெட்டி வேரை விடுவதாகும்.

இங்கிலாந்துக் காவலர் கண்ட மற்றொரு முறை கருதத்தக்கது. ஓடும் வண்டியைத் துரத்தினால் அது மேலும் விரையும்; துரத்துபவனும் துரத்தப்படுபவனும் வழியிற் செல்வோனும் அழிய நேரும். ஆகவே கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைக் குறிநீரை ஓட்டுபவன் மேல் தெளித்துவிடுகின்றனர். பின்னர் ஆய்ந்து பார்த்தால் அவன்தான் அங்கிருந்தவன் என்பது விளங்கிவிடும். துரத்தாமலே பிடிக்கும் வழி அது. நம் ஊர்க் காவலர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. பந்தயம் விடுவோரை வாகனத்தில் துரத்திச் சென்று பிடிப்பதே வீரம் என்று வேடிக்கை பார்ப்போர் நினைக்கலாம். நெரிசல் மிகுந்த சாலையில் அது வீரம் ஆகாது; இரண்டாவது பந்தயம் ஆகும்.

சென்னையின் தென்புறத்துக்கெனத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் செயற்படத் தொடங்கியது. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் ஆகிய காவல் நிலையங்களும் அதனுள் அடங்கின. பந்தயம் நிகழும் சாலைகளில் இரவில் தடுப்புகள் அமைத்தல், வண்டிகளை நிறுத்திச் சான்றுகளை ஆராய்தல், கேமராவில் பதிந்த எண்ணைக்கொண்டு வீட்டைத் தேடிச் செல்லுதல், இளைஞரோடு பெற்றோரையும் அழைத்து அறிவுரை கூறுதல் ஆகியன காவலர் கையாளும் முறைகள். ஆங்கிலப் புத்தாண்டு இரவில் மேம்பாலங்களை அடைத்தே வைக்கின்றனர். ஒரு நகரம் தன் மக்கள் சிலரின் களிப்புக்கு அஞ்சித் தான் கட்டிய பாலத்தைத் தானே மூடிக்கொள்வது பெருமைக்குரிய செய்தியன்று.

சட்டத்தில் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் விடுவதைக் குற்றம் என்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறை மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம் என்று அது உயரும். வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றியமைத்த உரிமையாளர்க்குத் தனியே தண்டனை உண்டு. விரைவாலும் கவனக்குறைவாலும் ஓர் உயிர் போயின், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்தாண்டு வரை சிறை வாய்க்கும். ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் தெருவில் இறங்க வேண்டுமாயின், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்ன எண்ணுடைய வண்டி வந்தது என்று ஒருவர் கூறவேண்டும். காவலர் எல்லாத் தெருவிலும் எல்லா இரவும் நிற்றல் இயலாது. தெருவிலேயே எப்போதும் இருப்பவர் அங்குக் குடியிருப்போரே.

குடியிருப்போர் ஏன் வாய் திறப்பதில்லை? அச்சம் ஒரு காரணம். “நமக்கேன் வம்பு” என்னும் சோம்பல் மற்றொரு காரணம். இவ்விரண்டினும் வலியது மூன்றாவது காரணம். அதனை எவரும் வெளிப்படக் கூறுவதில்லை. பந்தயம் விடுபவன் எங்கிருந்தோ வந்தவன் அல்லன். பல சமயங்களில் அடுத்த தெருவினன். சில சமயங்களில் எதிர்வீட்டுப் பிள்ளை. பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தவன். “மாமா” என்றும் “அத்தை” என்றும் அழைத்தவன். அவன் எண்ணைக் காவலர்க்குக் கூறினால் அவன் தாய் நாளை எம்முகத்தோடு நோக்குவாள்? இத்தயக்கம் இழிவானதன்று, உறவறிந்த உள்ளத்தில் எழுவதே. ஆயினும் அவ்வுறவை எண்ணி இன்று வாளா இருப்பவர், பின்னொரு நாள் அதே தாயின் வீட்டு வாயிலில் துக்கம் விசாரிக்க நிற்க நேரலாம். மறைத்தல் அன்பா, உரைத்தல் அன்பா என்பதை அவர் அப்போது எண்ணிப் பயன் என்னை?

வாய் திறப்போரும் சில சமயம் வழி தவறுகின்றனர். சினம் மிகுந்து, வண்டியோட்டியைப் பிடித்து அடிப்போர் உண்டு. அடித்தவர் குற்றவாளியாகி, அடிபட்டவன் இரக்கத்துக்கு உரியவனாகிவிடுகின்றான். மூல வழக்கு மறைந்துபோகின்றது. வேறு சிலர் தம் தெருவிலே கல்லும் சிமெண்டும் கொட்டித் தாமே வேகத்தடை அமைத்துவிடுகின்றனர். இதுவும் நன்மைக்கு என்றே தோன்றும். ஆனால் வேகத்தடைக்கும் இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைப் பேரவை வகுத்தபடி, வட்டமாக வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், வண்ணம் பூசி, முன்னறிவிப்புப் பலகையோடு இருத்தல் வேண்டும். இலக்கணம் பிழைத்த செய்யுள் செவியை மட்டும் வருத்தும். இலக்கணம் பிழைத்த வேகத்தடை முதுகெலும்பை முறிக்கும். இரவிலே அதனை அறியாது வரும் முதியவரும், கருவுற்ற பெண்ணை ஏற்றி வரும் ஆட்டோவும், நோயாளியைத் தாங்கி விரையும் ஆம்புலன்சும் அதில் தடுக்குறும். பந்தயக்காரனோ அதன் ஓரத்தில் உள்ள இடுக்கு வழியே வளைந்து சென்றுவிடுகின்றான்.

பயன்தரும் வழி ஆரவாரமற்றது. தெருவில் உள்ளோர் ஒன்றுகூடி, வண்டிகள் வரும் நாளையும் நேரத்தையும் சில வாரம் குறித்து வைத்தல். தெரிந்த அளவில் எண்களை எழுதி வைத்தல். நிகழும்போதே 100 அல்லது 112 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல். நலச் சங்கத்தின் பெயரால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெறுதல். முறைப்படி வேகத்தடையும் விளக்கும் வேண்டி நகராட்சிக்கு எழுதுதல். தனி ஒருவர் கொடுக்கும் முறையீட்டில் பகை தோன்றும்; ஐம்பது வீட்டார் கையெழுத்திட்ட முறையீட்டில் பகைப்பதற்கு ஆள் இல்லை. நாளும் நேரமும் தெளிவாகத் தெரிந்தால் காவலர் அந்நேரத்தில் அங்கே நிற்கலாம், துரத்த வேண்டுவதில்லை. அவ்வூர்ப் பட்டறைக்காரரிடம் சென்று, ஓசைக் குழாய் மாட்டித் தரலாகாது என்று ஊரார் எடுத்துரைத்தலும் இதன்பாற்படும். அவரும் அதே தெருவில் உறங்குபவரே.

விபத்து நேர்ந்துவிட்டால், வீழ்ந்தவன் பந்தயக்காரனாயினும் அவனைத் தூக்கி எடுப்பதே முதற்கடமை. உதவப் போனால் வழக்கில் மாட்டிக்கொள்ள நேரும் என்னும் அச்சம் இனி வேண்டுவதில்லை. உதவுவோரைக் காக்கும் பிரிவு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. விபத்துக்கு உள்ளானோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் தொடங்கியது. தொடங்கிய இடம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூர்.

இனித் தந்தையின் பொறுப்பைக் காண்போம். பதினெட்டு நிரம்பாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், அச்சட்டத்தின் 199ஏ பிரிவு அவன் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரையே குற்றவாளியாகக் கொள்கின்றது. அவர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் நீங்கும். சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. “எனக்குத் தெரியாது” என்று தந்தை கூறினால் போதாது. தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி செய்தேன் என்றோ அவரே மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்தைக் கடுமை என்பார் உளர். ஆனால் வண்டியின் சாவி சிறுவன் கைக்கு வானத்திலிருந்து விழுவதில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் வண்டி வாங்கித் தருவேன் என்று கூறும் தந்தையர் எத்துணையர்! மதிப்பெண்ணுக்கும் சாலைக்கும் என்ன தொடர்பு? திருவாரூர் மன்னன் தன் மகன் செய்ததற்குத் தானே விடை கூறவேண்டும் என்று கருதியதை நாம் பழங்கதை என்று எண்ணியிருந்தோம். சட்டம் அதனை வேறொரு வடிவில் இந்நாளுக்குக் கொண்டுவந்து சேர்த்துள்ளது.

இங்ஙனம் கூறுவதால் விரைவே தீது என்று கொள்ளற்க. இளமைக்கு விரைவில் விருப்பம் தோன்றுதல் இயல்பு. அதற்கென உரிய இடத்தைத் தமிழ்நாடு நெடுங்காலத்திற்கு முன்பே கண்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. 1953-ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. அவற்றைக் காண மக்கள் திரள்திரளாகச் சென்றனர். பின்னர் அக்கழகமே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுதளத்தை அமைத்தது. வளைவுகளில் தடம் மாறி ஓடும் வண்டி தானே தளர்ந்து நிற்பதற்கு மணலும் சரளையும் பரப்பிய வெளி அங்கு உண்டு. தலைக்கவசமும் தோல் உடையும் இன்றி ஒருவரும் இறங்க இயலாது. மருத்துவர் ஆயத்தமாக நிற்பர். எதிரே ஒரு வண்டியும் வாராது. அங்கே ஓடக் கட்டணம் உண்டு என்பதும், எளிய வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாக் கனி என்பதும் மறுத்தற்கில்லை. அரசும் கழகங்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய குறை அது.

நகரச் சாலையிலேயே பந்தயம் நடந்ததும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவுநேரக் கார்ப் பந்தயம் நடைபெற்றது. அதற்கு எத்துணை ஏற்பாடு! சாலை முழுதும் அடைக்கப்பட்டது. இருபுறமும் தடுப்புச் சுவர்களும் கம்பி வலைகளும் எழுந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. உலக மோட்டார் பந்தயப் பேரவையின் பாதுகாப்புச் சான்று வந்து சேரத் தாமதமானமையால், முதல் நாள் ஓட்டம் குறித்த நேரத்தில் தொடங்கவில்லை. உலகறிந்த ஓட்டுநர்களும், விலைமிக்க வண்டிகளும், அரசின் இசைவும் இருந்தும், ஒரு தாள் வரும்வரை எல்லோரும் காத்திருந்தனர். நள்ளிரவில் வெளிவட்டச் சாலையில் பந்தயம் விடும் இளைஞன் எத்தாளுக்கும் காத்திருப்பதில்லை.

பிடிபட்ட இளைஞரை என் செய்வது? சிறைக்கு அனுப்பினால் அவன் கல்வி கெடும். தண்டம் கட்டச் செய்தால் தந்தை கட்டிவிடுவார். 2022-ஆம் ஆண்டு சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டை அருகே, முன்சக்கரத்தைத் தூக்கி வண்டி ஓட்டிப் படம் பரப்பிய இளைஞன் ஒருவனுடைய வழக்கில் உயர்நீதிமன்றம் ஒரு புதுவழி கண்டது. முன்பிணை கேட்டு வந்த அவனுக்கு அதனை வழங்கிய நீதிமன்றம், மூன்று வார காலத்திற்குச் சில கட்டளைகளை உடன் வைத்தது. திங்கட்கிழமைகளில் அவன் வண்டி ஓட்டிய அதே சாலையின் சிக்னலில் நின்று, சாலைப் பாதுகாப்பைப் பற்றிய துண்டுத்தாள்களைப் போவோர் வருவோர்க்கு வழங்கவேண்டும். மற்ற வேலைநாள்களில் சென்னை இராசீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, அங்குப் பணிபுரிவோர்க்குத் துணை செய்யவேண்டும். எலும்பு முறிந்து வருவோரையும், தலையில் அடிபட்டு நினைவிழந்து வருவோரையும், அவர்களைத் தொடர்ந்து கையில் செருப்பும் கைப்பேசியுமாக ஓடிவரும் உறவினரையும் நாள்தோறும் காணும் இடம் அது. வேகத்தின் முடிவை ஓட்டுநர் இருக்கையிலிருந்து காண இயலாது; அதனைக் காணத்தக்க இடத்திற்கே நீதிமன்றம் அவனை அனுப்பி வைத்தது.